எட்டரை லட்சம் ஜெல்லிமீன்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு தீவில் ஃபிரைடே ஹார்பர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அங்கே படகுத்துறையில் கைவலையோடு நின்றார். மிதந்து வரும் ஏக்வோரியா ஜெல்லிமீன்களை அள்ளி வாளியில் போடுவதுதான் வேலை. அவரை அழைத்து வந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் ஃபிராங்க் ஜான்சனும் அதையேதான் செய்தார். இருட்டில் அந்த ஜெல்லிமீனைச் சீண்டினால் அதன் குடை விளிம்பில் ஒளி வளையம் ஒன்று தோன்றும். அந்த ஒளி எப்படி உண்டாகிறது? அவர்களுடைய கேள்வி அவ்வளவுதான். விடை கிடைத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் இருவரிடமும் பதில் இருந்திருக்காது.

விளிம்பை மட்டும் கத்தரியால் வெட்டியெடுத்துத் துணியில் பிழிந்தார்கள். சாறு சற்று நேரம் ஒளிரும், பிறகு அணைந்துவிடும். ஒளிரும் உயிர்கள் எல்லாவற்றிலும் லூசிஃபெரின் என்ற பொருளும் அதைத் தூண்டும் நொதியும் இருக்கும் என்பதே அன்றைய எண்ணம். அவற்றைத் தேடித் தோற்றார்கள். அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம் என்றார் ஷிமோமுரா. ஜான்சன் ஒப்பவில்லை. ஒரே ஆய்வகத்தில் இருவரும் தனித்தனியாக வேலை பார்த்தார்கள்.

ஷிமோமுரா துடுப்புப் படகில் போய், கடலில் மிதந்தபடியே யோசித்தார். ஒளிக்குக் காரணம் ஒரு புரதம் என்றால், அமிலத்தன்மையைக் கூட்டி அதன் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியும் அல்லவா? முடிந்தது. அமிலத்தில் ஒளி அடங்கியது. அமிலத்தைப் போக்கியதும் மங்கலாகத் திரும்பி வந்தது. மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டியபோது பளீரென்று நீல ஒளி பாய்ந்தது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதே கழுவுதொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த நீரிலுள்ள கால்சியம்தான் புரதத்தை எழுப்பியிருந்தது.

அந்தக் கோடையில் சுமார் 10,000 ஜெல்லிமீன்களிலிருந்து கிடைத்த தூய புரதம் 5 மில்லிகிராம். அதற்கு ஏக்வோரின் என்று பெயரிட்டு 1962-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கால்சியம் பட்டால் ஒளிரும் பொருள் என்பதால், சில ஆண்டுகளிலேயே தசைக்குள் கால்சியத்தின் போக்குவரத்தைக் கண்காணிக்க அது உதவியது. இதோடு கதை முடிந்திருந்தாலும் குறையில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையின் ஓரத்தில் இன்னொரு புரதத்தைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு இருந்தது. ஏக்வோரினைச் சுத்திகரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்த அது, புற ஊதாக் கதிர் பட்டால் பச்சையாக ஒளிர்ந்தது. மிகக் குறைந்த அளவே கிடைத்ததால் அதைச் சேர்த்துக்கொண்டே வந்தார் ஷிமோமுரா. பல கோடைகளில் மனைவி, பிள்ளைகளோடு துறைக்குப் போய் அள்ளினார். மொத்தம் சுமார் 8,50,000 ஜெல்லிமீன்கள். அந்தப் பச்சைக்குக் காரணமான வேதிக் கூறு எது என்பதை 1979-இல் கண்டறிந்தார்.

என்னை வியக்க வைப்பது அந்தக் கூறு உருவாகும் விதம். இந்தப் புரதம் 238 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அது பீப்பாய் வடிவில் மடிந்துகொள்கிறது. நடுவே அடுத்தடுத்து இருக்கும் மூன்று அமினோ அமிலங்கள் தாமாகவே வினைபுரிந்து நிறமியாகிவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் போதும். துணைக்கு ஜெல்லிமீனின் நொதி எதுவும் வேண்டாம். ஆகவே இதன் மரபணுவை வேறெந்த உயிரணுவில் வைத்தாலும் அது பச்சையாக ஒளிரலாம். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் இருந்த டக்ளஸ் பிரஷர். அவரிடமிருந்து அதை வாங்கிய மார்ட்டின் சால்ஃபி, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, உடலின் ஊடே பார்க்க முடிகிற புழுவுக்குள் வைத்தார். தொடுதலை உணரும் அதன் நரம்பணுக்கள் பச்சையாக ஒளிர்ந்தன. 1994-இல் கட்டுரை வந்தது. ரோஜர் சியென் புரதத்தை மாற்றியமைத்து வேறு நிறங்களையும் உண்டாக்கினார். உயிரைக் கொல்லாமலே அதனுள் நடப்பதைப் பார்க்க முடிந்தது: புற்றணு பரவும் பாதை, மலேரியா ஒட்டுண்ணியின் நடமாட்டம், மூளையில் நரம்புகள் பின்னிக்கொள்ளும் விதம். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரஷர் பட்டியலில் இல்லை. மூவருக்குமேல் பகிர விதி இடம் தராது. ஆனால் அவருடைய இழப்பு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. மரபணு கைக்கு வந்த நேரத்தில் ஆய்வுப் பணம் தீர்ந்தது. மறுபடியும் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. கேட்ட சால்ஃபி, சியென் இருவருக்கும் மரபணுவை அனுப்பிவிட்டு அந்த ஆய்விலிருந்தே விலகினார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். பின்னாளில் சியென் தன் ஆய்வகத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தார். நல்ல மனிதர்கள். ஆனாலும் இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

முதல் வலை வீச்சிலிருந்து அந்தப் புழுவைப் பற்றிய கட்டுரை வரும்வரை 33 ஆண்டுகள். அதுவரை பச்சைப் புரதத்துக்கு என்ன பயன் என்று யாராலும் காட்டியிருக்க முடியாது. பயன் தெரிந்த பிறகு தொடங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஃபிரைடே ஹார்பரில் 1990-க்குப் பிறகு ஏக்வோரியா ஜெல்லிமீன்கள் மிகவும் அருகிவிட்டன. 1994-வரை காத்திருந்தால், எட்டரை லட்சத்தை அந்தத் துறையிலிருந்து யாரும் அள்ளியிருக்க முடியாது.