கரி அடுப்புக் கடைகளுக்குச் சரக்குக் கொடுப்போர் கவனத்திற்கு

நம் ஆரணி, முள்ளிப்பட்டு வட்டாரத்தில் அசைவக் கடை என்றால் பிரியாணிக் கடை என்றே நெடுங்காலம் இருந்து வந்தது. அந்தக் கடைகளுக்குச் சீரகச் சம்பா எவ்வளவு, பட்டை, கிராம்பு எவ்வளவு, எத்தனை நாள் தவணை என்பதெல்லாம் மளிகைக்காரர்களாகிய நமக்கு அத்துப்படி. இப்பொழுது கிரில், தந்தூரி, அல்ஃபாம், பார்பிக்யூ என்று பலகை மாட்டிய கடைகள் சாலையோரங்களில் பெருகி வருகின்றன. மசாலா, எண்ணெய், அடுப்புக் கரி ஆகியவற்றுக்கு அவர்கள் நம்மிடம்தான் வருகின்றனர். பெரும்பாலும் கடனுக்கு வருகின்றனர். ஆகவே இந்தத் தொழிலின் வகைகளையும், லாப நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் நாம் அறிந்து கொள்வது அவசியமாகிறது.

ஊருக்கு ஊர் ஒரு வகை

இறைச்சியை நெருப்பில் சுட்டு உண்பது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, கரிகாலன் அளித்த விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி இடம் பெற்றதைக் கூறுகிறது. சூடு தாங்காமல் அதை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்டார்களாம்.

ஆனால் இன்று கடைகளில் விற்பவை வெளியூர் வகைகள். தந்தூரி என்பது குழிவான மண் அடுப்பில் கம்பியில் செருகிச் சுடுவது. 1947 பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து வந்தவர்கள் டில்லி தரியாகஞ்சில் நடத்திய மோதி மஹால் உணவகத்தின் மூலம் இது நாடெங்கும் பரவிற்று. ஐதராபாத்தில் பத்தர் கா கோஷ்ட் என்று, சூடேற்றிய கருங்கல் பலகையின் மேல் ஆட்டுக்கறியை வாட்டுகிறார்கள். அல்ஃபாம் என்ற அரபுச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். மசாலா தடவிய கோழியைப் பிளந்து, கம்பி வலையில் வைத்துக் கரித் தணலில் சுடுவது அது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் மூலம் கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து நம் பக்கமும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் பார்பிக்யூ என்றால் பெரிய இறைச்சித் துண்டைத் தணிந்த சூட்டில், விறகுப் புகையில் பல மணி நேரம் வேக வைப்பதாகும். கரோலினா பக்கம் பன்றிக்கறியும் வினிகரும். கான்சாஸ் நகரில் இனிப்பான தக்காளிக் குழம்பு. டெக்சாஸில் மாட்டுக்கறி, உப்பு, மிளகு மட்டும். டெக்சாஸ் கதையில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. அங்கே குடியேறிய ஜெர்மானியக் கசாப்புக்காரர்கள், விற்காமல் நின்ற கறி கெடாமல் இருக்கப் புகையில் வேக வைத்து விற்றார்கள். லாக்ஹார்ட் என்ற ஊரில் 1900இல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட் முதலில் கறிக்கடையும் மளிகைக் கடையுமாகவே இருந்தது. பச்சைக் கறியின் மிச்சத்தைச் சமாளிக்கப் பிறந்தது அத்தொழில். நம் ஊர்க் கடைகளை முடக்குவதோ சுட்ட கறியின் மிச்சம்.

ஆறு கோழி நின்றால் லாபம் போயிற்று

உயிருடன் 2 கிலோ நிற்கும் கோழியை உரித்தால் சுமார் 1.4 கிலோ கிடைக்கும். சுட்டு எடுத்தால் நீரும் கொழுப்பும் வடிந்து ஏறக்குறைய 1 கிலோவாகும். கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில் தினந்தோறும் அறிவிக்கிறார்கள். அந்த விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும்; கடைப் பலகையில் எழுதிய விலையை அப்படி ஏற்றி இறக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோழி, மசாலா, கரி, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து ஒரு முழுக் கோழிக்கு ரூ.280 அடக்கம், விற்பனை ரூ.350 என்று வைத்துக்கொள்வோம். 30 கோழி சுட்டால் செலவு ரூ.8,400. முப்பதும் விற்றால் லாபம் ரூ.2,100. இருபத்து நான்கு விற்றால் வரவும் ரூ.8,400, அன்றைய லாபம் பூஜ்யம். கடை முன்னால் இருபத்து நான்கு பேர் நின்று வாங்கிப் போனதைத்தான் நாம் பார்ப்போம். உள்ளே நின்றுவிட்ட ஆறு கோழியை யாரும் பார்ப்பதில்லை.

நம் ஊரில் நெசவாளிகள் சேலை நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் நாளும் ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம் பொங்கும். மற்ற நாட்களில் படுத்துவிடும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவமே கிடையாது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். வாடகையும் மாஸ்டர் சம்பளமும் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

வரி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆனால் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை அவர்கள் கழித்துக் கொள்ள முடியாது. நம் பில்லில் உள்ள வரி முழுதும் அவர்களுடைய செலவே. இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைப்பவர்கள் பலர்.

மிச்சத்தை மறுநாள் விற்றால்

மசாலா தடவிய பச்சைக் கறியை 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் சுடலாம். சுட்ட கறி அப்படியல்ல. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க் கிருமிகள் மளமளவென்று பெருகும். வெளியே கருகி உள்ளே வேகாத கோழியும் ஆபத்தே. உட்புறச் சூடு 75 டிகிரியை எட்ட வேண்டும்.

2022இல் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட மாணவியர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. இரண்டு இடத்திலும் மேலும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. இப்படி ஒரு சம்பவம் நடந்தால் தவறு செய்த கடையோடு நிற்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒழுங்காக நடத்தும் கடைகளிலும் வியாபாரம் விழுந்து, நமக்கு வர வேண்டிய பாக்கியும் நின்றுவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வண்ணப் பொடி. கோழி சிவப்பாகத் தெரிவதற்காகக் கேசரிப் பவுடர் கேட்டு வருவார்கள். கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்தது. கோழிக்கு என்று கேட்டால் கொடுக்காமல், பியாடகி மிளகாயை எடுத்துக் காட்டுங்கள். காரம் குறைவு, நிறம் அதிகம். விலை கூடத்தான், ஆயினும் யாருக்கும் கெடுதல் இல்லை.

இரண்டாவது, கரி. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலங் கரி மூட்டைகளை ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கி, தரையில் படாமல் கட்டை மேல் அடுக்க வேண்டும். ஈரக் கரி எடை கூடிப் புகையும். வாங்கியவர் நம்மேல்தான் குறை சொல்வார்.

மூன்றாவதும் முக்கியமானதும் கடன். நாம் சரக்குக் கொடுத்து வந்த கடைகளில் ஒன்று வண்ண விளக்கும் கூட்டமுமாக இருந்து, ஓராண்டுக்குள் மூடிப் போயிற்று. மற்றொன்றில் தினம் பதினைந்து கோழிதான். ஒன்பது மணிக்கே "தீர்ந்துவிட்டது" என்று அட்டை தொங்கும். அவர் திங்கள்தோறும் பாக்கியைத் தீர்த்துவிடுகிறார். ஆகவே கடன் கேட்டு வருபவரிடம் "எத்தனை கோழி விற்கிறீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை நிற்கிறது, நின்றதை என்ன செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா, குளிர்பெட்டி இருக்கிறதா என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். தவணை ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். புரட்டாசி பிறக்குமுன் பழைய பாக்கியை நேர் செய்து கொள்ளுங்கள்.

புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்களை நாம் விரட்ட வேண்டியதில்லை. அவர்கள் வளர்ந்தால் நம் சரக்கும் நகரும். ஆனால் அளவாகச் சுட்டு அன்றே விற்பவருக்குத்தான் கடன் என்று நாம் உறுதியாக இருந்தால், நம் பணத்துக்கும் பாதுகாப்பு, சாப்பிடுகிறவர் வயிற்றுக்கும் பாதுகாப்பு.