ஏக்கர் கணக்கு போதாது: சால்மன் குஞ்சின் காதுக்கல்லைக் கேளுங்கள்

சீரழிந்த இயற்கைப் பரப்பில் 30 சதவீதத்திலாவது 2030-க்குள் மீட்புப்பணி நடக்க வேண்டும் என்று 2022-ல் குன்மிங்–மான்ட்ரியல் உடன்பாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. கெடு நெருங்குகிறது. 'மீட்ட ஏக்கரெல்லாம் உயிர்களுக்குப் பயன்பட்டதா?' என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. கழிமுகங்களைப் பொறுத்தவரை அறிக்கைகள் 'மீட்பு' என்பது, பல நேரம் கடல்நீரைத் தடுத்த கரையை உடைத்து அதை உள்ளே விட்டதைத்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நிஸ்குவாலி ஆற்றின் முகத்துவாரத்தில் விவசாயத்துக்காகப் போட்ட பழைய மண்கரையை 2009-ல் அகற்றினார்கள். 762 ஏக்கரில் மறுபடி ஓதம் ஏறி இறங்கியது. அங்குள்ள சினூக் சால்மன் 1999 முதல் அபாயப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பிடிப்பது நிஸ்குவாலி பழங்குடியினரின் 1854 ஒப்பந்த உரிமை. குஞ்சுகள் அங்கே நன்றாக வளர்கின்றனவா என்பதுதான் கேள்வி.

வலையில் குஞ்சு விழுந்தால் மட்டும் போதாது. ஏற்றத்தில் வந்து, இறக்கத்தில் பட்டினியோடு போயிருக்கலாம். அதனால் குஞ்சை மயக்கி, வயிற்றுக்குள் மெல்ல நீர் பாய்ச்சி, தின்ற பூச்சிகளையும் சிற்றிறால் போன்றவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, உயிரோடு விடுகிறார்கள். ஆனால் அதில் தெரிவது அன்றைய சாப்பாடு மட்டுமே.

முழுக்கதையும் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் பதிந்திருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் அதில் நாளுக்கொரு வளையம் படியும். நன்றாக வளர்ந்த நாட்களின் வளையம் அகலமாக இருக்கும். கல்லைத் தேய்த்து, லேசரால் நடுவிலிருந்து விளிம்புவரை சுரண்டி, கால்சியத்தோடு ஒப்பிட்டு ஸ்ட்ரான்சியத்தை அளப்பார்கள். ஆற்றைவிடக் கடல்நீரில் இது பொதுவாக அதிகம். அளவு திடீரென ஏறும் இடம், மீன் உப்புநீரைத் தொட்ட நாள். அதன்பின் உள்ள வளையங்களை எண்ணினால் கழிமுகத்தில் எத்தனை நாள் தங்கியது, எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்.

கல்லை எடுக்கக் குஞ்சைக் கொல்ல வேண்டும். அழியும் இனத்தில் இது எனக்கு உறுத்துகிறது. ஆனால் சினூக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி முட்டையிட்டதும் தானாகவே செத்துப்போகும். கரையொதுங்கிய உடலிலிருந்தும் கல்லை எடுக்கலாம். குஞ்சுப் பருவ வளையங்கள் அதிலும் அழியாமல் இருக்கும். புறப்பட்ட குஞ்சுகளின் கல்லோடு ஒப்பிட்டால், கழிமுகத்தில் எப்படித் தங்கி வளர்ந்தவை பிழைத்துத் திரும்பின என்பது தெரியும். ஒரு குறை: உப்பு கலந்த நீரில் இருந்தது என்றுதான் இது சொல்லும், மீட்ட ஓடையா பழைய ஓடையா என்று பிரித்துக் காட்டாது.

பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடும் குஞ்சுகளும் கணக்கில் வருமா? பெரும்பாலும் அவற்றின் முதுகில் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுவதால் பிரித்துவிடலாம்.

முடிவு எப்போது தெரியும்? சினூக் கடலிலிருந்து திரும்பவே சில ஆண்டுகள் ஆகும்.

மீட்ட சதுப்பு நிலைக்குமா? நிஸ்குவாலி ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஆல்டர் அணை, சதுப்புக்கு வந்து சேர வேண்டிய வண்டலை மறிக்கிறது. கவலைப்பட வேண்டிய விஷயம்.

அடுத்த முறை ஏக்கர் எண்ணிக்கையோடு அறிக்கை வந்தால், குஞ்சு எத்தனை நாள் தங்கியது, எவ்வளவு வளர்ந்தது என்று எழுதிக் கேளுங்கள்.