எங்கள் கிணற்றைக் காட்டிக் கொடுத்த பாட்டில்!

"எங்க கிணத்து வெள்ளத்தை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, பிறகு சோடா கேக்க மாட்டிய!"

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் சொல்லும் முதல் வார்த்தை இது. எங்கள் பக்கம் தண்ணீரை 'வெள்ளம்' என்றுதான் சொல்வோம். கீரிப்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானும் அதை அப்படியே நம்பினேன். பின்னால் மலை, சுற்றிலும் ரப்பர் தோட்டம், கூப்பிடு தூரத்தில் காட்டாறு. கிணற்றை எட்டிப் பார்த்தால் அடி மணல் தெரியும். இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

2021 நவம்பரில் பெய்த மழையில் குமரி மாவட்டமே தத்தளித்தது. எங்கள் முற்றத்திலும் கலங்கல் நீர் புகுந்து கிணற்றடி வரை நின்றது. ஒரு வாரத்தில் கிணறு தெளிந்துவிட்டது. நாங்களும் பழையபடி இறைத்துக் குடித்தோம்.

அடுத்த வாரம் என் ஒன்றரை வயசு மகளுக்கு வயிற்றுப்போக்கு. பல் முளைக்கிறது என்றார் ஒருவர், கண் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுறீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டில் சொன்ன உண்மை

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை செய்யப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. அப்படிப் பயிற்சி பெற்ற பக்கத்துத் தெரு அக்கா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். குறியிட்ட அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொன்னாள். 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால், மலத்தில் உள்ள கிருமிகள் கலந்திருக்க வாய்ப்புண்டு என்று அர்த்தமாம். அந்தக் கிருமிகளில் சில ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது பாட்டிலில் உள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பாகும். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது.

மறுநாள் காலையில் பார்த்தால், மை ஊற்றினாற்போல் கறுப்பு!

"குப்பி அழுக்கா இருந்திருக்கும் மக்களே" என்றார் மாமி. சரி என்று இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினோம். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் காய்ச்சி ஆற்றிய தண்ணீர். பச்சைத் தண்ணீர் பாட்டில் கறுத்தது. மற்றது நிறம் மாறவே இல்லை. மாமி ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆய்வுக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது?

பாட்டில் எச்சரிக்கும், முழு விவரம் ஆய்வுக்கூடம்தான் சொல்லும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். உப்பு, இரும்பு, நைட்ரேட் போன்றவற்றைப் பார்க்க இரண்டு லிட்டர் சுத்தமான கேன் போதும். அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலையே வாங்குங்கள். அதை அலசவோ, மூடியின் உட்புறத்தைத் தொடவோ கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

எங்கள் கிணற்றில் உப்பு மிகக் குறைவு. பி.எச். அளவு 6, அது 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். லேசான அமிலத்தன்மை, இரும்புக் குழாயை அரிக்கும். ஆனால் 'ஈ.கோலை' என்ற கிருமி இருந்தது! 100 மில்லி குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இதற்கிடையில் சுத்திகரிப்பு மிஷின் விற்க ஒருவர் வந்தார். டம்ளர் தண்ணீரில் மின்கம்பிகளைவிட, அது செங்காவியாக மாறியது. "பாத்தீங்களா அழுக்கை!" என்றார். நல்லவேளை, அக்கா உடனிருந்தாள். அந்தக் காவி, கம்பியில் இருக்கிற இரும்பே கரைந்து வருவது. நல்ல தண்ணீரிலும் வரும். உப்பே இல்லாத எங்கள் தண்ணீருக்கு உப்பு நீக்கும் மிஷின் எதற்கு? பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் வைத்தியம் முடிவாக வேண்டும்.

என்ன செய்தோம்?

முதலில் கிருமி வரும் வழியை அடைத்தோம். கக்கூஸ் குழி கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில், 25 அடி தூரத்தில் இருந்தது. குறைந்தது 50 அடி தள்ளி, பள்ளப் பக்கம் இருக்க வேண்டும் என்றார்கள், மாற்றினோம். விரிசல்விட்ட கிணற்றடித் தளத்தைச் சிமென்டு பூசி, சுவரை உயர்த்தினோம். பிறகு கிணற்றை இறைத்துக் கழுவி, சுகாதார ஆய்வாளர் சொன்ன அளவில் பிளீச்சிங் பவுடர் போட்டோம்.

அதன்பின் சாதாரணமாகப் போடும் அளவுக்குக் கணக்கு சுலபம். கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதே எண்ணால் பெருக்குங்கள். தண்ணீர் நிற்கும் ஆழத்தாலும், பிறகு 22-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 6 அடி அகலம், 10 அடி தண்ணீர் என்றால், 6 x 6 x 10 x 22 = 7,920. ஏறக்குறைய 8,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 20 கிராம் பவுடர் தேவை. நல்ல வீரியமுள்ள பவுடருக்குத்தான் இந்தக் கணக்கு. திறந்து வைத்தால் வீரியம் போய்விடும்.

பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வாளி முக்கால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல்நீரை வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலந்துவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் கவலையில்லை.

இவ்வளவு செய்தாலும் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சாமல் இருக்காதீர்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டுக் காய்ச்சுங்கள். தேற்றாங்கொட்டை தெளிய வைக்கும். கிருமிகளை முழுக்கப் போக்காது.

பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆகாது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். வேறு தண்ணீர்தான் வழி.

கிருமிப் பரிசோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக வருஷத்துக்கு இரண்டு தடவை. மற்றவை ஒரு தடவை. இதை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமியின் பெருமை மட்டும் குறையவில்லை. விருந்தாளிகளிடம் டம்ளரை நீட்டி, "எங்க கிணத்து வெள்ளம்தான்... காய்ச்சி ஆத்தினதாக்கும், தைரியமா குடிங்க!" என்கிறார்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும், சகோதரிகளே! ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிடுங்களேன்.