முதல் ஆண்டுக் கோப்பை அதிர்ஷ்டமா?

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துப் பயிற்சியாளர், பணியேற்ற முதல் ஆண்டிலேயே கோப்பை வென்று கொடுத்தார். மறு ஆண்டு அவருடைய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. 'அன்று கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம்' என்று கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று நிர்வாகம் இந்தக் கோடையில் முடிவு செய்யவிருக்கிறது. என் கருத்தைக் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

16 அணிகள் மோதும் நாக்-அவுட் போட்டியில் கோப்பைக்கு நான்கு வெற்றிகள் போதும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள வலுவான அணிகூட நான்கையும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடுதான். அதே அணி முதல் சுற்றில் தோற்கும் வாய்ப்போ 40 விழுக்காடு. ஆகவே கோப்பை அவருடைய திறமைக்குச் சான்றாகாது என்றால், மறு ஆண்டுத் தோல்வியும் திறமையின்மைக்குச் சான்றாகாது. நண்பர் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்!

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஸ்டீவ் ஃபிஷரின் கதை இதற்குப் பொருத்தமானது. 1989இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்லவிருந்ததால், தேசியப் போட்டி தொடங்கும் தறுவாயில் துணைப் பயிற்சியாளரான ஃபிஷரிடம் அணி ஒப்படைக்கப்பட்டது. ஆறு ஆட்டங்கள், ஆறு வெற்றிகள். இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசி மூன்று விநாடிகள் இருக்கையில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் 80-79 என்று தப்பினார்கள். அந்த ஆறு ஆட்டங்களில் கிளென் ரைஸ் என்ற வீரர் மட்டும் 184 புள்ளிகள் குவித்தார். அணியை உருவாக்கியவர் முந்தைய பயிற்சியாளர். 1990-91இல் அணி 14 வெற்றி, 15 தோல்வி என்று சரிந்தபோது, 'அதிர்ஷ்டம்' என்ற தீர்ப்பு எவ்வளவு எளிதாக வந்திருக்கும்!

ஆனால் அவரே சேர்த்த முதலாண்டு மாணவர்கள் ஐவர் 1992, 1993 இறுதியாட்டங்களுக்கு அணியைக் கொண்டுசென்றனர். பின்னர் வீரர்களுக்கு வெளியார் பணம் கொடுத்த விவகாரத்தில் அந்தச் சாதனைகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன; 1997இல் ஃபிஷர் பதவியிழந்தார். கதை அங்கும் முடியவில்லை. 1999இல் பொறுப்பேற்ற சான் டியாகோ ஸ்டேட் அணி, முதல் பருவத்தில் 5 வெற்றிகளும் 23 தோல்விகளும் பெற்றது. 2010-11இல் அதே அணியின் கணக்கு 34 வெற்றி, 3 தோல்வி. 1989இன் ஆறு ஆட்டங்களைவிட இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே அவர் யாரென்று சொல்கின்றன.

நம் நாட்டில் சந்திரகாந்த் பண்டிட் 2017-18இல் விதர்பாவுக்குப் பயிற்சியாளராகி, அதே பருவத்தில் அந்த அணிக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைப் பெற்றுத்தந்தார். மறு ஆண்டும் வென்றார். 2021-22இல் மத்தியப் பிரதேசத்துக்கும் முதல் கோப்பை. ஊர் மாறியும் வீரர்கள் மாறியும் விளைவு தொடர்ந்தால் அதிர்ஷ்டம் என்ற விளக்கம் நைந்துபோகிறது.

நம் கல்லூரிகளின் கணக்கோ இளங்கலை மூன்றாண்டுகளில் சுழல்வது. முதல் ஆண்டு வென்ற அணியில் பெரும்பாலோர் முந்தையவர் தேர்ந்தெடுத்த பிள்ளைகள். அவர்களில் மூத்தவர்கள் வெளியேறிய பிறகு வந்த ஆண்டு இயல்பாகவே மெலிந்தது. இவர் சேர்த்த மாணவர்கள் இறுதியாண்டை அடையும்போதுதான் அணி முழுமையாக இவருடையதாகிறது.

அதுவரை பார்க்க வேண்டியவை வேறு. தொலைவிலிருந்து எறியும் பந்து கூடையில் விழுவது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். பந்தை வீணாக இழக்கும் எண்ணிக்கையும் தடுப்பாட்டத்தில் கால்கள் நகரும் விதமும் பயிற்சியைக் காட்டும். நான் அண்மையில் இரு மாலைகள் அங்கே போயிருந்தேன். பெஞ்சில் உட்காரும் பையன்கள்கூட அழைக்காமலேயே தடுப்புக்குத் திரும்பி ஓடினார்கள்.

இன்னும் இரண்டு ஆண்டுகள் கொடுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். நிர்வாகம் கேட்டால் அவர்களிடமும் அதையே சொல்வேன்.