யாருடா காலை வச்சது?

1996இல் நான் வேலை பார்த்த கணினிப் பயிற்சி மையத்தில் பன்னிரண்டு கணினிகள். பன்னிரண்டுக்கும் ஒரே கேபிள். கறுப்பு நிறம், சுண்டுவிரலைவிட மெலிது. முதல் மேசையில் புறப்பட்டு, ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு ‘டி’ கனெக்டரைத் தொட்டுக்கொண்டு, கடைசி மேசையில் போய் முடியும். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடி. உள்ளே 50 ஓம் மின்தடை. அந்த மூடி கழன்றால், முனைவரை போன சமிக்ஞை சுவரில் எறிந்த பந்துபோலத் திரும்பி வந்து, பின்னால் வருவதையும் குழப்பிவிடும்.

காலையில் பெருக்க வரும் அக்காவின் துடைப்பம் ஒரு கனெக்டரில் பட்டால் போதும், பன்னிரண்டு திரையும் உறைந்துவிடும். “சார், சர்வர் போச்சு!” என்று பையன்கள் கத்துவார்கள். சர்வர் எங்கும் போகவில்லை. “யாருடா காலை வச்சது?” என்று கேட்டபடி மல்டிமீட்டரோடு மேசைக்கு அடியில் நுழைவேன். எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டு ‘டி’யில் முள்ளை வைத்தால் 25 ஓம் காட்ட வேண்டும், இரு முனையிலும் இருக்கிற ஐம்பதுகள் இணையாகச் சேர்ந்து தரும் கணக்கு அது. 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, டெர்மினேட்டரைக் கழற்றி நடு மேசையில் மாட்டி, பாதி பாதியாகப் பிரித்துத் தேட வேண்டும். ஒரு வகுப்பு முழுக்க அதிலேயே போன நாளும் உண்டு.

ஒரே கம்பியில் இத்தனை பேர் எப்படிப் பேசினார்கள்? திண்ணைப் பேச்சு மாதிரிதான். யாரும் பேசவில்லையா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு வாயைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாக ஆரம்பித்துவிட்டால், இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் குத்துமதிப்பாகக் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். மறுபடியும் மோதினால் காத்திருப்பின் உச்சவரம்பு இரட்டிக்கும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கணினி கைவிட்டுவிடும். இதுதான் ஈதர்நெட். அதற்குப் போட்டியான ஐபிஎம்மின் டோக்கன் ரிங்கில் இந்தத் தள்ளுமுள்ளு கிடையாது. டோக்கன் கைக்கு வந்தவர்தான் பேசலாம். ஒழுங்கானது, ஆனால் விலை அதிகம், தோற்றுப்போனது.

பிறகு ஹப் வந்தது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனிக் கேபிள் நடுப் பெட்டிக்குப் போயிற்று. ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம் என்று எட்டு நரம்பையும் வரிசைப்படுத்திக் கிரிம்ப் பண்ணக் கைகள் பழகின. ஆனால் ஹப்பின் வயிற்றுக்குள் அதே பழைய திண்ணைதான்; ஒருவர் பேசியது எல்லார் காதிலும் விழும். நிஜமான மாற்றம் சுவிட்ச். யாருக்கு வந்த சேதியோ அவருடைய துளையில் மட்டும் அதை விடும். 1990இல் அமெரிக்காவில் ஈதர்நெட் சுவிட்சை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. (சினிமா தியேட்டர் இல்லை, நிறுவியவர்களில் ஒருவர் இந்தியர்.) 1994இல் அதை சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

இன்று ஓர் அலுவலகத்தில் ஒரு கேபிள் போனால் ஒருவருக்குத்தான் போகிறது. அடுத்த நாற்காலிக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்கு இது நிம்மதிதான். மேசைக்கடியில் தவழ்ந்தவனைக் கேளுங்கள், பழைய நாளைப் பொற்காலம் என்று சொல்லமாட்டான்.

வேடிக்கை என்னவென்றால், கம்பியில் ஒழித்த கூட்டுக்குடித்தனம் காற்றில் திரும்பிவிட்டது. சொல்லப்போனால் அது பிறந்த வீடே காற்றுதான். 1971இல் ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலி வழியாக இணைத்த அலோஹா நெட்டைப் படித்துத்தான், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டை யோசித்தார். வைஃபையில் ஒரு சிக்கல் கூடுதல்: தான் பேசும்போது அடுத்தவர் குரல் கேட்காது. அதனால் மோதிய பிறகு நிறுத்த வழியில்லை. மோதாமல் இருக்க முன்கூட்டியே காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு சேதிக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வாங்க வேண்டும். இரண்டு சுவர் தாண்டி இருப்பவர் மெதுவாகத்தான் பேச முடியும். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவரும் வாய்மூடி நிற்க வேண்டும்.

போன ஞாயிறு ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே ஒரு வீடியோ அழைப்பு உறைந்து உறைந்து வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போனேன். மகன் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய போனிலிருந்த படங்களையெல்லாம் வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கு வைஃபை வழியாக ஏற்றிக்கொண்டிருந்தான். “யாருடா காலை வச்சது?” என்றேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.