வாய்ப் பேச்சில் எழும்பும் வீடு

பத்திரத்தில் எழுதாத ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லாது என்றே நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். நம் விடுதியிலும் கேட்டிருக்கிறேன். அப்படியன்று. நிலக் கிரயம் வேறு சங்கதி. வீடு கட்ட மேஸ்திரியுடன் வாயால் பேசி முடித்ததும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி ஒப்பந்தமே.

தொல்லையெல்லாம் ருசுவில்தான். சதுரத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசினார்களே, அதில் கிணறும் சுற்றுச்சுவரும் சேர்ந்தனவா? அவர் ஒன்று சொல்வார், இவர் ஒன்று சொல்வார். முன்பணம் கொடுத்த பாங்கிக் கணக்கு, சிமெண்டு ரசீது, கூட இருந்தவர் சாட்சியம் இவைதாம் அப்போது பேசும்.

பேசிய தொகையே ருசுவாகாவிட்டால்? அங்கேதான் 70-ஆவது பிரிவு வருகிறது. மேஸ்திரிக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை என்பேன். இனாமாக அன்றிச் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தரவேண்டும். வங்காளத்து ஆராம்பாக்கில் அதிகாரிகள் கேட்டபடி பி. கே. மண்டல் கம்பெனியார் கட்டடங்கள் கட்டினர். முறையான ஒப்பந்தம் இல்லையென்று சர்க்கார் கையை விரித்தது. 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பிரிவின்படியே கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். பணம் தரும் தவணை பேசப்படாவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மேஸ்திரி வழக்குத் தொடுக்க வேண்டும். சுவர் விரிந்ததென்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வீட்டுக்காரருக்கோ 2 ஆண்டுதான்.