தற்காப்புரிமையும் ஆள் தெரியாமல் சுடுதலும்

தன் உடலையும் உடைமையையும், பிறருடையவற்றையும் குற்றச் செயலிலிருந்து காக்கச் சட்டம் அளிக்கும் உரிமை தற்காப்புரிமை எனப்படும். இந்திய தண்டனைச் சட்டத்தின் (1860) 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த இது, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது.

வீட்டில்

இரவில் வீடு உடைத்து நுழைபவரை, உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது 41ஆம் பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் இவ்வுரிமை இல்லை என 37ஆம் பிரிவு எல்லை வகுக்கிறது.

எச்சரிக்கை மணி ஒலித்ததும் இருளில் தெரியும் உருவம், தாமதமாகத் திரும்பிய மகனாகவோ, மணி கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டாராகவோ, காவலராகவோ இருக்கலாம். 36ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு இதையே விளக்குகிறது. நுழைய உரிமையுள்ள ஒருவர் இரவில் வீட்டுக்குள் வருகிறார். மற்றொருவர் அவரைத் திருடன் என நன்னம்பிக்கையுடன் கருதித் தாக்குகிறார். தாக்கியவர் செய்தது குற்றமன்று. எனினும் தாக்கப்பட்டவருக்கும் தற்காப்புரிமை முழுமையாக உண்டு. அதாவது, குற்றமற்ற இருவர் ஒருவரையொருவர் கொன்றுவிடக்கூடிய நிலை ஏற்படுகிறது.

இங்கு முதன்மையான சொல் 'நன்னம்பிக்கை'. உரிய கவனமும் அக்கறையும் இல்லாத நம்பிக்கையைச் சட்டம் நன்னம்பிக்கையாக ஏற்பதில்லை. "யார் அது?" என்று குரல் கொடுப்பதும் விளக்கைப் போடுவதும் அத்தகைய கவனமாகும்.

கடலில்

இதே சிக்கலைத் தென்கடல் மீனவர்கள் நேரில் சந்தித்தனர். சோமாலியக் கடற்கொள்ளைக்கு அஞ்சி, கிழக்கு 78 பாகை வரையிலான கடல் அபாயப் பகுதியாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ தூத்துக்குடிக்கு நேரான கோடு அது. கப்பல்கள் ஆயுதக் காவலர்களுடன் சென்றன.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலுக்கு அப்பால் 'என்ரிகா லெக்சி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் கடற்படை வீரர்கள் சுட்டதில், மீன்பிடிப் படகிலிருந்த இருவர் இறந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கொள்ளையர் என எண்ணிச் சுட்டதாக வீரர்கள் தரப்பு கூறியது. அதே ஆண்டு சூலை 16 அன்று துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டதில், இராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர்.

இத்தாலிய வீரர்களை விசாரிக்க இந்திய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்றும், இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியபின், 2021 சூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. வீரர்களின் நம்பிக்கை நன்னம்பிக்கைதானா என்பதை இந்திய நீதிமன்றம் எதுவும் விசாரித்துத் தீர்மானிக்கவில்லை.

தூத்துக்குடி வழக்கு

ஆயுதக் காவலர்களை ஏற்றிய 'சீமேன் கார்டு ஓகியோ' கப்பல் 2013 அக்டோபரில் தடுக்கப்பட்டு, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதிலிருந்த 35 பேருக்கு 2016இல் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. இதில் துப்பாக்கிச் சூடு நிகழவில்லை. உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தனரா என்பதே வழக்கு.

2015 டிசம்பரில் அபாயப் பகுதியின் எல்லை 65 பாகைக்குப் பின்வாங்கியது. இந்தியக் கடற்கரை அதிலிருந்து விடுபட்டது.